டெபாசிட்டா, பாண்டா? பையனுக்கு பால்டிமோரில் வீடு, எனக்குக் கும்பகோணத்தில் தலைவலி

குடந்தைஅப்பா

எல்லோருக்கும் வணக்கம். பையன் மேல்படிப்புக்கு அமெரிக்கா போகிறான். மேரிலாந்து மாநிலம், பால்டிமோர். ஆகஸ்டு கடைசியில் வகுப்பு. அவனும் இன்னும் மூன்று பையன்களும் (ஒருவன் திருச்சி, இரண்டு பேர் ஆந்திரா) சேர்ந்து இரண்டு படுக்கையறை உள்ள வீடு ஒன்று பார்த்திருக்கிறார்கள். மாத வாடகை 2,000 டாலர். ஆளுக்கு 500.

நேற்று அந்தக் குடியிருப்பின் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். முதலாவது, 2,000 டாலர் டெபாசிட். காலி செய்யும்போது திரும்ப வரும். இரண்டாவது, ‘ஷ்யூரிட்டி பாண்டு’ என்று ஒன்று. அதற்கு 350 டாலர் கட்டினால் போதும், டெபாசிட்டே கேட்க மாட்டார்கள். ஆனால் கட்டிய 350 திரும்ப வராது.

பையன் "ஆளுக்கு 87 டாலர் 50 சென்ட்தான்ப்பா, முடிச்சுடலாம்" என்கிறான். எனக்கு நெருடுகிறது. 350-ஐ வாங்கிக்கொண்டு 2,000-க்கு ஒருவன் பொறுப்பேற்கிறான் என்றால் அவனுக்கு அதில் என்ன வருமானம்? 22 வருடமாகப் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். பழைய பாத்திரத்துக்குக் கூட யாரும் எடைக்கு மேல் கொடுத்ததில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆடி பிறந்துவிட்டால் வீட்டு விஷயமாகக் கையெழுத்துப் போட அம்மா விடமாட்டார்கள். பால்டிமோருக்கும் ஆடி உண்டா என்று கேட்டுப் பார்த்தேன், உண்டாம்.

தெற்குவீதி

சார், நான் தஞ்சாவூரில் மூன்று வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். உங்கள் பையன் சொல்வதுதான் சரி. இது இன்சூரன்ஸ் மாதிரி. பைக்குக்குக் கட்டுகிறோம் இல்லையா, திரும்பவா வருகிறது? அதுபோலத்தான். வீட்டில் ஏதாவது உடைந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். பையன் நிம்மதியாகப் படிக்கட்டும்.

வலங்கைமான்74

தெற்குவீதி சார், கோபித்துக்கொள்ளக் கூடாது. இதை இன்சூரன்ஸ் என்று நினைத்துப் போனால் மாட்டிக்கொள்வார்கள். இது ஜாமீன். நான் வங்கியில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஜாமீன் கையெழுத்து வாங்கியே விரல் தேய்ந்தவன்.

பைக் இன்சூரன்ஸில் இரண்டே பேர்: நீங்கள், கம்பெனி. விபத்து நடந்தால் கம்பெனி கொடுக்கும், அந்தப் பணத்தை உங்களிடம் திருப்பிக் கேட்காது. பாண்டில் மூன்று பேர். குடியிருப்பவர், வீட்டுக்காரர், நடுவில் ஜாமீன் நிற்கும் கம்பெனி. வாடகை பாக்கி, சேதம் என்று வீட்டுக்காரர் கேட்டால் கம்பெனி அவருக்குக் கொடுத்துவிடும். அப்புறம் அதே தொகையைக் கேட்டு உங்கள் பையனிடம் வரும். கட்டிய 350 அதில் கழியாது. அது ஜாமீன் நின்றதற்கான கூலி.

நம் நாட்டில் இதற்கு 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. பிரிவு 126 இந்த மூன்று பேரையும் விளக்குகிறது. 128-இன்படி கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. 145-இன்படி, ஜாமீன்தாரர் முறையாகக் கொடுத்ததைக் கடனாளி அவருக்குத் திருப்பித் தந்தாக வேண்டும். அமெரிக்கச் சட்டமும் அதே ஆங்கிலேய வேரிலிருந்து வந்ததுதான், அடிப்படை மாறாது.

ஒரு கதை சொன்னால் விளங்கும். நான் கிளையில் இருந்தபோது ஒரு விவசாயிக்கு டிராக்டர் கடன் கொடுத்தோம். ஜாமீன் அவர் மச்சினர். மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கவில்லை, அந்த வருடம் குறுவையே கிடையாது. தவணை நின்றது. மச்சினரிடம் வசூல் செய்தோம். மச்சினர் சும்மா விட்டாரா? அடுத்த தை மாதம் அறுப்பு முடிந்ததும் களத்துமேட்டிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போய்த் தன் கணக்கைத் தீர்த்தார். பாண்டு கம்பெனி அந்த மச்சினர் மாதிரி. ஒரே வித்தியாசம், இவர் முன்கூட்டியே கூலியும் வாங்கிக்கொள்கிறார், பொங்கலுக்குக் கரும்பும் கொண்டுவர மாட்டார்.

எனவே என் ஓட்டு டெபாசிட்டுக்கு. கணக்கு இதோ. சேதம் ஒன்றுமில்லை என்றால் டெபாசிட்டில் நஷ்டம் பூஜ்யம், பாண்டில் 350. 600 டாலருக்குச் சேதம் என்றால் டெபாசிட்டில் 600 போகும், 1,400 திரும்பி வரும். பாண்டில் 350-உம் போகும், 600-உம் போகும், ஆக 950. எப்படிப் பார்த்தாலும் பாண்டுக்கு 350 கூடுதல்.

தெற்குவீதி

அப்படியா. கம்பெனி திரும்பக் கேட்கும் என்பது எனக்குத் தெரியாது. அப்படியானால் அதை யார்தான் வாங்குகிறார்கள்?

அரசலாறு

கையில் காசு இல்லாதவர்கள் வாங்குகிறார்கள் சார். நான் வாங்கினேன். 😐

வலங்கைமான் ஐயா போட்ட கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அந்த 2,000 டாலர் எங்கிருந்து வருகிறது? குடந்தைஅப்பா கல்விக்கடன் எடுத்திருந்தால் அதற்கும் வட்டி ஓடும். டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் பையனின் பங்கு 500 டாலர், 42,500 ரூபாய். கடனுக்கு 11 சதவீதம் என்றால் வருடத்துக்கு 4,675. இரண்டு வருடப் படிப்புக்கு 9,350. பாண்டுக்கு அவன் பங்கு 87.50 டாலர், சுமார் 7,440 ரூபாய். அதை ஒருமுறை கட்டினால் போதும் என்றால் இரண்டு வருடத்தில் பாண்டுதான் மலிவு! ஒரே வருடம் இருந்து காலி செய்தால் டெபாசிட் மலிவு.

அப்புறம், போன முதல் மாதம் என்பது தனிக் கொடுமை. மெத்தை, குக்கர், குளிர்ச் சட்டை, போன் இணைப்பு எல்லாம் ஒரே வாரத்தில். அந்த நேரத்தில் கையில் 400 டாலர் கூடுதலாக இருப்பது வட்டிக் கணக்கில் வராத விஷயம். நான் பாண்டு வாங்கியதற்குக் காரணமே அதுதான். இன்றைக்கும் தப்பு செய்துவிட்டேன் என்று நினைக்கவில்லை.

வலங்கைமான்74

தம்பி சொல்வது சரி. வட்டியை நான் விட்டுவிட்டேன், வங்கிக்காரன் செய்யக் கூடாத தப்பு. ஆனால் "ஒருமுறை கட்டினால் போதும் என்றால்" என்ற வார்த்தைக்குள்தான் எல்லாம் இருக்கிறது. வருடா வருடம் புதுப்பிக்கும் பாண்டா, குடியிருக்கும் வரைக்கும் ஒன்றேயா? குடந்தைஅப்பா முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். வருடத்துக்கு 350 என்றால் இரண்டு வருடத்தில் 700, தம்பி கணக்கு தலைகீழாகிவிடும்.

நீடாமங்கலத்தான்

இழையை இப்போதுதான் பார்த்தேன். நான் அமெரிக்காவில் 11 வருடம். இப்போது இருப்பது நியூஜெர்சி, அதற்கு முன் மேரிலாந்தில் 4 வருடம் இருந்திருக்கிறேன். இந்த விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. நியூஜெர்சியில் ஒன்றரை மாத வாடகை வரை டெபாசிட் வாங்கலாம், அதை வட்டி வரும் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். டெக்சாஸில் உச்சவரம்பே கிடையாது. ஆகவே "அமெரிக்காவில் இப்படி" என்று யாராவது பொதுவாகச் சொன்னால் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்.

மேரிலாந்துக்கு வருகிறேன். 2024 அக்டோபர் 1 முதல் அங்கே டெபாசிட் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதற்கு முன் இரண்டு மாதம். எத்தனை பேர் சேர்ந்து இருந்தாலும் வீட்டுக்கு ஒரு மாதம்தான். ஆக 2,000 என்பது சரியான தொகை, அதற்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டாம். காலி செய்து 45 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், கழித்திருந்தால் எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் பட்டியல் தர வேண்டும். நியாயமான காரணம் இல்லாமல் பிடித்து வைத்தால், பிடித்த தொகையைப் போல் மூன்று மடங்கு வரை வழக்குப் போட்டு வாங்கலாம். டெபாசிட்டுக்கு வட்டியும் உண்டு, வருடத்துக்குக் குறைந்தது 1.5 சதவீதம். பெரிய தொகை இல்லைதான், ஆனாலும் அரசலாறு தம்பி தன் கணக்கில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பாண்டு பற்றியும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பாண்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்று வீட்டுக்காரர் கட்டாயப்படுத்த முடியாது. வாங்கும் முன் எழுத்தில் சொல்லியாக வேண்டும்: இந்தப் பணம் திரும்ப வராது, கம்பெனி கொடுப்பதை உங்களிடம் வசூலிக்கலாம், கம்பெனி கொடுப்பதற்கு முன் நீங்களே வீட்டுக்காரருக்கு நேரடியாகக் கட்டித் தீர்க்கலாம். அந்தத் தாள் மின்னஞ்சலில் இணைப்பாக வந்திருக்கும். பையன்கள் அதைத் திறந்தே பார்க்காமல் கையெழுத்துப் போடுவார்கள். நானும் அப்படித்தான் போட்டேன்.

இன்னொன்று, பால்டிமோரிலேயே இது பெரிய சண்டை. டெபாசிட்டுக்குப் பதிலாகப் பாண்டு போன்ற வேறு வழிகளையும் வீட்டுக்காரர்கள் தர வேண்டும் என்று நகர மன்றம் 2021-இல் ஒரு மசோதா நிறைவேற்றியது. ஏழைகளுக்கு உதவி என்று ஒரு தரப்பு, ஏழைகளைக் கடனில் தள்ளும் வேலை என்று வாடகைதாரர் அமைப்புகள். கடைசியில் மேயர் பிராண்டன் ஸ்காட் அதை ரத்து செய்துவிட்டார். சின்சினாட்டி நகரத்தில் அதற்கு ஒரு வருடம் முன்பே, 2020-இல், அதே மாதிரிச் சட்டம் வந்துவிட்டது. ஆக, விவரம் தெரிந்தவர்களே இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. நாம் இங்கே அடித்துக்கொள்வதில் தப்பில்லை.

மன்னை_மீனா

எனக்கு வேறு ஒரு கோணம் தோன்றுகிறது. எல்லோரும் டெபாசிட் "திரும்பக் கிடைக்கும்" என்கிறீர்கள். எந்த ஊரில்?

கஜா புயல் அடித்தபோது, 2018 நவம்பர் 16 விடிகாலை, நாங்கள் மன்னார்குடியில் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வாடகை 4,500, அட்வான்ஸ் 30,000. கொல்லைத் தென்னை இரண்டு சுற்றுச்சுவர் மேல் விழுந்தது, ஓடு பாதி பறந்துவிட்டது. மூன்று வாரம் கரண்ட் இல்லை. நாங்கள் நான்கு மாதம் கழித்து வீட்டைக் காலி செய்தோம். வீட்டுக்காரர் ஓட்டுக்கும் சுவருக்கும் சேர்த்து அட்வான்ஸில் கழித்தார். புயலை நாங்களா கூப்பிட்டோம்? வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை, அது தனி. கடைசியில் தெருவில் பெரியவர் ஒருவர் தலையிட்டு 18,000 வாங்கிக் கொடுத்தார். எழுத்தில் ஒன்றுமே இல்லை, எதைக் காட்டிப் பேசுவது?

ஆகவே நான் கேட்பது இதுதான். டெபாசிட் என்றால் பணம் அவர் கையில், நான் அவர் பின்னால் அலைய வேண்டும். பாண்டு என்றால் பணம் என் கையில், அவன் என் பின்னால் அலையட்டும். அலைகிறவன் அவனாக இருப்பது நமக்கு நல்லதுதானே?

அரசலாறு

அக்கா, ❤️ இதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீடாமங்கலத்தான்

மீனா அக்கா கேள்வி நல்ல கேள்வி. நம் ஊராக இருந்தால் நானும் அக்கா பக்கம்தான். ஆனால் அங்கே அலைகிறவர் தெருப் பெரியவருக்குக் கட்டுப்படுகிறவர் இல்லை. பாண்டு கம்பெனி இரண்டு மூன்று கடிதம் போடும். பணம் வரவில்லை என்றால் வசூல் ஏஜென்சியிடம் கொடுத்துவிடும். அது கடன் வரலாற்றில் ஏறும். புதிதாகப் போன மாணவனுக்குக் கடன் வரலாறே ஒரு வருடம்தான் இருக்கும், அதில் முதல் பதிவே வசூல் என்றால் அடுத்த வீடு, கார் கடன், கிரெடிட் கார்டு எல்லாவற்றிலும் முட்டும்.

அதைவிட, எது சேதம் என்ற சண்டை யாருக்கும் யாருக்கும் நடக்கிறது என்று பாருங்கள். டெபாசிட்டில் சண்டை எனக்கும் வீட்டுக்காரருக்கும். அவர் தப்பாகக் கழித்தால் சட்டத்தில் அவருக்குத் தண்டனை உண்டு, அந்தப் பயத்தில் ஓரளவு ஒழுங்காக நடப்பார். பாண்டில் வீட்டுக்காரருக்குப் பணம் வந்துவிடும், அவர் வேலை முடிந்தது. அப்புறம் நீங்கள் பேச வேண்டியது எங்கேயோ உட்கார்ந்து கோப்பு எண் கேட்கும் ஒருவரிடம். கம்பளத்தில் இருந்த கறை நாங்கள் வரும்போதே இருந்தது என்று நான் ஆறு முறை போனில் சொன்னேன். ஆறாவது முறையும் "கறை எந்த அறையில்?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். 410 டாலர் கட்டித் தொலைத்தேன்.

ஆரூர்ஒத்தி

இடையில் ஒரு சந்தேகம். நாங்கள் திருவாரூரில் ஒத்திக்கு இருக்கிறோம். 4 லட்சம் கொடுத்து மூன்று வருடம், வாடகை கிடையாது, முடிந்ததும் முழுப் பணமும் திரும்ப. இதுவும் ஒருவகை டெபாசிட்தானே? இதற்குப் பாண்டு மாதிரி ஏதாவது உண்டா? பணம் திரும்ப வருமா என்று இப்போது பயமாக இருக்கிறது, மீனா அக்கா கதையைப் படித்ததிலிருந்து.

வலங்கைமான்74

ஒத்தி டெபாசிட் இல்லை தம்பி, அது அடமானம். வீட்டை உங்கள் அனுபவத்தில் விட்டு, வட்டிக்கு வாடகை சரி என்று கழித்துக்கொள்கிற அடமானம். 100 ரூபாய்க்கு மேல் என்றாலே பதிவு செய்த பத்திரம் வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 59. 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி டிராயரில் வைத்திருக்கிறீர்கள் என்றால் நாளைக்கே பத்திர எழுத்தரிடம் போங்கள். வில்லங்கச் சான்றும் எடுத்துப் பாருங்கள், அதே வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கலாம். தனி இழை போடுங்கள், விரிவாகச் சொல்கிறேன்.

பாண்டு விஷயம்: இந்தியாவில் ஷ்யூரிட்டி இன்சூரன்ஸுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஏப்ரல் 1 முதல் வழி திறந்திருக்கிறது. அது சாலை, பாலம் கட்டும் ஒப்பந்தக்காரர்கள் வங்கி உத்தரவாதத்துக்குப் பதிலாகக் கொடுப்பதற்கு. திருவாரூரில் மாடி வீடு பிடிப்பதற்கு இல்லை.

தெற்குவீதி

வீட்டுக்காரன் தரப்பில் ஒருவனாவது பேச வேண்டும் அல்லவா. மீனா அம்மா சொன்ன ஆள் செய்தது அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன வருடம் ஒருவர் ஐந்து மாத வாடகையும் கரண்ட் பில்லும் பாக்கி வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டார். நான் வாங்கியிருந்தது மூன்று மாத அட்வான்ஸ். மீதியை எங்கே போய்க் கேட்பது? எனக்கு நடுவில் ஒரு கம்பெனி இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

மூன்று மாதம் ஏன் என்றால், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புது வாடகைச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது, காலி செய்து ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். மூன்று வீட்டுக்கும் பதிவு செய்திருக்கிறேன். எங்கள் தெருவில் நான் ஒருவன்தான், அதனால் எனக்கு ‘சட்டம்’ என்று பட்டப்பெயர்.

மன்னை_மீனா

சட்டம் சார், உங்கள் வீடு ஏதாவது காலியாக இருந்தால் சொல்லுங்கள். 😄

குடந்தைஅப்பா

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. நேற்று ராத்திரி பையனோடு உட்கார்ந்து இழை முழுவதையும் படித்தேன். மச்சினர் கதையில் சிரித்தான், கம்பளக் கறையில் முகம் மாறிவிட்டது.

அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டோம். 350 என்பது 12 மாத ஒப்பந்தத்துக்கு. ஒப்பந்தத்தை நீட்டித்தால் மறுபடி கட்ட வேண்டும். மின்னஞ்சலில் அது எங்கேயும் இல்லை, கேட்ட பிறகுதான் சொன்னார்கள். இரண்டு வருடம் அங்கேயேதான் இருப்பார்கள், எனவே 700.

எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. நான்கு பேரில் ஒருவன் பாதியில் படிப்பை விட்டுப் போனால்? அவன் பங்கு வாடகையைக் கட்டாமல் போனால் கம்பெனி யாரைப் பிடிக்கும்?

நீடாமங்கலத்தான்

நான்கு பேரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் கூட்டுப் பொறுப்பு. யார் கையில் கிடைக்கிறார்களோ அவரிடம் முழுத் தொகையும் கேட்கலாம். இது டெபாசிட்டிலும் அப்படித்தான், அதில் தப்ப முடியாது. ஆனால் டெபாசிட் இருந்தால் முதல் 2,000 அதிலிருந்து கழியும், ஓடியவன் போட்ட 500-உம் அதற்குள் இருக்கிறது. பாண்டில் ஓடியவன் போட்டது 87 டாலர், அதுவும் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நடுவில் ஒருவன் போய் வேறொருவன் வந்தால், புதியவன் பழையவனுக்கு நேராக 500 கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். கொடுத்ததை ஒரு வரியாவது எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், அலுவலகத்திலும் பெயரை மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் காலி செய்யும்போது காசோலை எப்போதோ போனவன் பெயரில் வரும்.

குடந்தைஅப்பா

டெபாசிட்டே போடுவது என்று நான்கு பேரும் முடிவு செய்துவிட்டார்கள். ஆந்திரா பையன்களில் ஒருவனுக்கு இப்போது 500 இல்லை, கல்விக்கடன் அடுத்த தவணை செப்டம்பரில்தான் வருமாம். திருச்சிப் பையனின் அப்பாவும் நானும் ஆளுக்கு 250 போட்டுக் கொடுக்கிறோம், பிறகு தருவான். எங்கள் வீட்டில், "அப்போ அந்தப் பையனுக்கு நீங்கதான் ஜாமீனா?" என்று கேட்டாள். ஒன்றும் பேசாமல் எழுந்து கடைக்கு வந்துவிட்டேன்.

வலங்கைமான்74

எழுதி வாங்கினீர்களா?

குடந்தைஅப்பா

இல்லை ஐயா. 🙏

நீடாமங்கலத்தான்

போகட்டும். வீட்டுக்குள் நுழைந்த அன்றே பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அறை அறையாக வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அடுப்புக்குள், குளிர்சாதனப் பெட்டிக்குள், கம்பளத்தின் மூலைகள், ஜன்னல் வலை, குளியல் தொட்டியின் ஓரம். மேரிலாந்தில் குடிவந்த 15 நாளுக்குள் பதிவுத் தபாலில் எழுதிக் கேட்டால் வீட்டுக்காரர் உடனிருந்து பார்த்து, ஏற்கெனவே இருக்கும் சேதத்துக்குப் பட்டியல் தர வேண்டும். மின்னஞ்சலில் கேட்டுவிட்டு விட்டுவிட வேண்டாம், தபாலிலேயே போடச் சொல்லுங்கள், ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

அரசலாறு

குக்கர் விசில் சத்தத்துக்குப் புகார் வரும், அதையும் சொல்லி அனுப்புங்கள் சார். தாளிக்கும்போது புகை அலாரம் அடித்தால் துண்டால் விசிறினாலே போதும். பேட்டரியைக் கழற்றி வைத்தால் சோதனைக்கு வரும்போது அபராதம் போடுவார்கள். நான் கட்டியிருக்கிறேன்.